சாயம் போட வந்த சப்பாத்திக்கள்ளி

மேலப்பாளையத்துல எந்தக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்குள்ள எட்டிப் பாத்தாலும் அந்த வீடியோ கிடக்கு. பின்னணியில சோகமா ஒரு புல்லாங்குழல். தட்டுல ரெண்டா வெட்டி வச்ச சப்பாத்திக்கள்ளிப் பழம், ரத்தச் சிவப்புல. சக்கரை குறையும், ரத்தம் ஊறும், முடி கொட்டுறது நிக்கும், கர்ப்பப்பைக் கட்டி கரையும், கேன்சர் கிட்டயே வராது. நம்ம முன்னோர்கள் ஆயிரக்கணக்கான வருசமா சாப்பிட்ட பழமாம். கடைசில ஒரு போன் நம்பர், கிலோ விலை. கூரியர் செலவு தனி.

(கூரியருக்குத் தனியா துட்டு கேக்குறதுல முன்னோர்கள் கரெக்டா இருக்காங்க.)

நோய் லிஸ்ட்டைக் கூட மன்னிச்சுடலாம். ஊர்ல எந்தப் பழம் வந்தாலும் முதல்ல அதுக்கு அந்த லிஸ்ட்டைத்தான் ஒட்டுவாங்க. இந்தப் பதிவுக்காரனுக்குப் பொறுக்காதது அந்த 'ஆயிரக்கணக்கான வருசம்'. ஏன்னா இந்தச் செடிக்கு நம்ம மண்ணுல அம்புட்டு வயசு கிடையாது. கள்ளிக் குடும்பம், அதாவது காக்டஸ் குடும்பம், மொத்தமும் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தது. கொலம்பஸ் 1492ல அங்க போய் இறங்குறதுக்கு முன்னால தாமிரபரணிக் கரையில ஒருத்தர் சப்பாத்திக்கள்ளிப் பழம் தின்னுருக்க வழியே இல்ல. மிளகாய், தக்காளி, கொய்யா கதைதான் இதுக்கும். (அந்தக் குடும்பத்துல ஒரே ஒரு செடி மட்டும் விதிவிலக்கு. ரிப்சாலிஸ்னு மரத்துல தொங்குற, முள்ளில்லாத கள்ளி. ஆப்பிரிக்காவுலயும் இலங்கையிலயும் தானா வளருது. எப்படிக் கடல் தாண்டிச்சுன்னு இன்னும் தாவரவியல்காரங்க சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க.)

'அப்போ சங்கப் பாட்டுல கள்ளி வருதே?' வரும். அது வேற கள்ளி. சதுரக்கள்ளி, திருகுகள்ளி, கொம்புக்கள்ளி எல்லாம் ஆமணக்குக் குடும்பத்துச் செடிங்க, கீறினா வெள்ளையா பால் வடியும். அந்தப் பால் தோல்ல பட்டா புண்ணாகும், கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. சப்பாத்திக்கள்ளியில பால் கிடையாது. மடலை வெட்டினா வெண்டைக்கா சாறு கணக்கா கொழகொழன்னு ஒண்ணு வரும், அவ்வளவுதான். வீடியோவைப் பாத்துட்டு ஏதோ ஒரு கள்ளியை வெட்டிட்டு வர்றவங்க இந்த ஒரு வித்தியாசத்தையாவது தெரிஞ்சுக்கிடணும். பால் வந்தா கையைக் கழுவிட்டு வீட்டுக்குப் போங்க.

சரி, நம்ம ஆளை எங்க பாக்கலாம்?

மேலப்பாளையத்துல பாளையங்கால்வாய் ஓடுற பக்கம் பாக்க முடியாது. அங்க நெல்லு, வாழை, ஈரம். ரெட்டியார்பட்டி பக்கம் நடந்தா மண்ணு நிறம் மாறும். காஞ்ச செம்மண்ணும் பாறையுமா ஆகும். அங்க உடைமரத்துக்கு அடியில, பாழடைஞ்ச வேலி ஓரத்துல, நாலு மடல் ஒண்ணு மேல ஒண்ணா நிக்கிறதைப் பாத்தா அதுதான். இன்னும் தெற்க, திசையன்விளை, சாத்தான்குளம் தேரிக்காட்டுப் பக்கம் போனா புதராவே கிடைக்கும்.

நம்ம பக்கம் பரவலா இருக்கிற வகையோட பேரு ஒபன்சியா தில்லேனி. (இப்போ அதை ஒபன்சியா ஸ்ட்ரிக்டாங்கிற இனத்தோட ஒரு வகைன்னு சேத்துட்டாங்க.) லண்டனுக்குப் பக்கத்துல எல்தம்னு ஒரு இடம், அங்க ஒரு பணக்காரர் தோட்டத்துல வளந்த இந்தச் செடியை தில்லேனியஸ்ங்கிற தாவரவியலாளர் படம் வரைஞ்சு 1732ல புத்தகமா போட்டார். அவர் பேரே நிலைச்சுட்டு. சொந்த ஊரு கரீபியன் கடல் ஓரம். அதனாலதானோ என்னமோ நம்ம கடலோர மணலும் உப்புக்காத்தும் அதுக்கு ஒத்துப்போச்சு.

கிட்டப் போய்ப் பாருங்க. (கிட்டன்னா ஒரு முழம் தள்ளி.) இலைன்னு நாம நினைக்கிற அந்தத் தட்டை மடல் இலையே இல்ல, தண்டு. நிஜ இலை உண்டு. இளம் மடல்ல புள்ளி புள்ளியா, அரிசி மணியை விடச் சின்னதா, கூம்பா நீட்டிக்கிட்டு இருக்கும். சில வாரத்துல உதிர்ந்துடும். நிறைய பேர் ஆயுசுக்கும் அதைப் பாத்துருக்க மாட்டாங்க.

மடல் பூரா அங்கங்க 'கண்ணு' இருக்கும். முள்ளு, பூ, புது மடல், வேர் எல்லாம் அந்தக் கண்ணுல இருந்துதான் வரும். ஒரே கண்ணுதான், எது தேவையோ அதை விடும். மண்ணுல பட்டா வேர். வெயில்ல நின்னா மடல். சீசன் வந்தா பூ. ஒடிச்சு எறிஞ்ச ஒரு மடல் போதும், அதுபாட்டுக்கு ஒரு புதரை உண்டாக்கிடும். கீழ விழுந்த பழம்கூட வேர் விட்டு முளைக்கும். ஏன்னா பழத்தோட தோலும் தண்டோட தொடர்ச்சிதான், அதுலயும் கண்ணு இருக்கு.

முள்ளு ரெண்டு சாதி. பெருசா, மஞ்சளா, லேசா வளைஞ்சு நிக்கிறது ஒண்ணு. அதைப் பாத்து எல்லாரும் பயப்படுவாங்க. உண்மையில அது நல்லவன். கண்ணுக்குத் தெரியும், குத்தினா பிடுங்கிடலாம். கெட்டவன் அதோட அடியில கொத்தா, பழுப்பா, வெல்வெட் புள்ளி மாதிரி சாதுவா உக்காந்திருக்கிற சுணை. முடி அளவுதான். ஆனா ஒவ்வொண்ணுலயும் பின்பக்கமா திரும்பின கொக்கி வரிசை உண்டு. லேசா பட்டாலே கொத்தோட கழண்டு தோல்ல ஏறிடும். உள்ள போறது சுளுவு, வெளிய வரவே வராது.

பூ அழகு. எலுமிச்சை மஞ்சள். நடுவுல நூத்துக்கணக்குல மகரந்தக் கம்பி. ஒரு ஈர்க்குச்சியை எடுத்து அந்தக் கம்பிகளை மெல்லத் தொட்டுப் பாருங்க. எல்லாம் சேந்து மெதுவா உள்பக்கமா சாயும். தேனீ உள்ள இறங்கினா அதும்மேல மகரந்தத்தைப் பூசி அனுப்புற ஏற்பாடு. தொட்டாச்சிணுங்கியைக் காட்டி பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டுறவங்க இதையும் காட்டலாம். முள்ளுக்குத் தள்ளி நின்னு.

அடுத்து, மே மாசத்து மேலப்பாளையம் வெயில். மனுசனே மத்தியானம் கதவைச் சாத்திட்டுப் படுத்துடுறான். இந்தச் செடியும் அதைத்தான் செய்யுது. மத்த செடிங்க பகல்ல மூச்சுத் துவாரத்தைத் தொறந்து கரியமிலவாயுவை இழுக்கும், அப்படியே தண்ணியையும் ஆவியா விடும். சப்பாத்திக்கள்ளி பகல் பூரா துவாரத்தை அடைச்சு வச்சுட்டு, ராத்திரி காத்து குளுந்ததும் தொறக்கும். உள்ள இழுத்த வாயுவை மாலிக் அமிலமா மாத்தி மடலுக்குள்ள சேத்து வச்சுக்கிட்டு, விடிஞ்சு வெயில் வந்ததும் அதைப் பிரிச்சு சக்கரை செய்யும். அதனால விடிகாலையில வெட்டின மடல் புளிக்கும், சாயங்காலம் வெட்டினா புளிப்பு குறைஞ்சிருக்கும். மெக்சிகோக்காரங்க மடலைக் காய்கறியா சமைக்கிறவங்க. எந்த நேரத்துல வெட்டணும்னு அவங்களுக்கு இது ஒரு கணக்கு.

இப்போ முக்கியமான கதை. மேலப்பாளையம் தறி ஊரு. ஒரு காலத்துல தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்ட ஊருக்கு சாயத்தோட அருமையைத் தனியா சொல்ல வேண்டாம். அதுலயும் சிவப்பு. நிக்கணும், மங்கக்கூடாது, துவைச்சா ஓடக்கூடாது. அந்தச் சிவப்புக்காகத்தான் கும்பினிக்காரன், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன், இந்தியாவுல சப்பாத்திக்கள்ளித் தோட்டமே போட்டான்.

அந்தக் காலத்துல உலகத்துலயே ஒசந்த சிவப்பு மெக்சிகோவுல இருந்து வந்துச்சு. கள்ளி மடல்ல ஒட்டிக்கிட்டு சாறு உறிஞ்சுற கோச்சினீல்னு ஒரு பூச்சி. அதைக் காயவச்சு அரைச்சா கார்மினிக் அமிலம், அதான் சாயம். ஒரு பவுண்டு எடைக்கு சுமார் 70,000 பூச்சி வேணும். மெக்சிகோவுல இருந்து ஸ்பெயினுக்குப் போன சரக்குல வெள்ளிக்கு அடுத்த மதிப்பு இதுக்குத்தான். இங்கிலீஷ் ராணுவ அதிகாரிகளோட செவத்த கோட்டுக்கும் இதே பூச்சிச் சாயம்தான். ஸ்பெயின்காரன் ரகசியத்தைப் பொத்திப் பொத்தி வச்சான். 1777ல தியெரி தெ மெனோன்வில்னு ஒரு பிரெஞ்சுக்காரர் மெக்சிகோவுக்குள்ள புகுந்து, வஹாக்கா வரைக்கும் போயி, பூச்சியோட மடலைக் களவாண்டு கப்பலேத்தினது தனி சினிமா.

நம்ம சென்னையில டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன்னு ஒருத்தர். கும்பினியோட தலைமை மருத்துவர். வைத்தியத்தை விட செடி, பூச்சி மேலதான் பிரியம். 1786ல சென்னைப் பக்கம் புல்லுல ஒரு பூச்சியைக் கண்டுபிடிச்சு, இது கோச்சினீல் ஜாதிதான்னு லண்டன்ல இருந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதமா எழுதித் தள்ளினார். அந்தப் பூச்சி சாயத்துக்கு ஆகல. ஆனா ஆசை விடல. சைதாப்பேட்டையில கள்ளித் தோட்டம் போட்டாங்க. லண்டன் கியூ தோட்டத்துல இருந்தெல்லாம் மடல் வந்து இறங்குச்சு. ஆண்டர்சனோட மருமகன் முறை ஆண்ட்ரூ பெர்ரி தோட்டத்தைப் பாத்துக்கிட்டார். மடல் செழிப்பா வளந்துச்சு. மேயறதுக்குப் பூச்சிதான் இல்ல!

பூச்சி 1795ல வந்துச்சு. கேப்டன் நீல்சன்னு ஒருத்தர் பிரேசில்ல ரியோவுல இருந்து கல்கத்தாவுக்குக் கொண்டாந்தார். ஊரே கொண்டாடுச்சு. பூச்சியும் நல்லாப் பெருகுச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, அது வளர்ப்புப் பூச்சி இல்ல, காட்டுப் பூச்சி. உடம்பு சின்னது, மேல பஞ்சு ஜாஸ்தி, சாயம் கம்மி. போதாக்குறைக்கு அது சாறு உறிஞ்சுற வேகத்துல கள்ளியே செத்துப்போச்சு. சாயத் தொழில் தலையெடுக்கல. 1800 வாக்குல சைதாப்பேட்டைத் தோட்டத்தையும் மூடிட்டாங்க. ஆண்டர்சன் 1809ல இறந்தார். சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல அவருக்குச் சிலை இருக்கு. அப்புறம் 1856ல பெர்கின்னு ஒரு இங்கிலாந்து வேதியியல்காரர் செயற்கைச் சாயம் கண்டுபிடிச்சு, ஒண்ணு பின்னால ஒண்ணா தார்ச் சாயம் வந்ததும் பூச்சியை யாரு தேடுவா.

ஆனா தோத்துப்போன அந்த வியாபாரத்துல இருந்து ஒரு புது வித்தை பொறந்துச்சு. காட்டுப் பூச்சி கள்ளியை அழிக்குதுல்ல, அழிக்கவே பயன்படுத்தினா என்ன? 1836 வாக்குல பூச்சியை வடக்க இருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தாங்க. 1860களோட நடுவுல இலங்கைக்கும் போச்சு. ஒரு களையை ஒழிக்க வேணும்னே ஒரு பூச்சியை நாடு விட்டு நாடு கொண்டுபோய் ஜெயிச்சதுக்கு உலகத்துலயே முதல் உதாரணம்னு பூச்சியியல் புத்தகங்கள் இதைத்தான் சொல்லுது. எல்லாம் நம்ம அக்கம்பக்கத்துல நடந்த சங்கதி. இதுக்கு யாரும் வீடியோ போடக் காணோம்.

அதுல ஒரு சிக்கல் உண்டு. அந்தப் பூச்சி தின்னது ஒபன்சியா மோனகாந்தாங்கிற வகையை மட்டும். நம்ம தில்லேனியை அது சட்டையே பண்ணல. போட்டிக்கு இருந்தவன் செத்ததும் தெற்க தில்லேனி ராஜ்யம். வேலி, மேய்ச்சக்காடு, ஊர்ப் பொறம்போக்கு, எங்கயும். உள்ள பாம்பு, எலி, பன்னி. வெட்டினா வெட்டின துண்டெல்லாம் முளைக்கும், எரிக்கலாம்னா உள்ள பூரா தண்ணி. சென்னை மாகாணத்து விவசாயிக்கு அது பெரிய தலைவலி.

தீர்வு 1926ல இலங்கையில இருந்து வந்துச்சு. டாக்டிலோபியஸ் ஒபன்சியே, இன்னொரு காட்டுக் கோச்சினீல், வட அமெரிக்கப் பூச்சி. ஆஸ்திரேலியா வழியா இலங்கைக்கு வந்து, அங்கிருந்து நம்ம பக்கம். பூச்சி பிடிச்ச மடலைக் கொண்டுபோய் நல்ல புதர் மேல போட்டா போதும், மிச்ச வேலையை அது பாத்துக்கும். குஞ்சுப்பூச்சி காத்துலயே பறந்து அடுத்த புதருக்குப் போகும். மடல் மஞ்சளாகி, தொய்ஞ்சு, அழுகி, பொத்துன்னு விழும். அஞ்சாறு வருசத்துல சுமார் 40,000 ஹெக்டேர் காலியாச்சு. அப்போ சென்னை மாகாணத்துப் பூச்சியியல் அதிகாரியா இருந்த டி. வி. ராமகிருஷ்ண ஐயர் 1931லயே இதைப் பத்திக் கட்டுரை எழுதி வச்சிருக்கார்.

(அதே நேரத்துல ஆஸ்திரேலியாவுல நிலைமை இன்னும் மோசம். 1925 வாக்குல சுமார் 6 கோடி ஏக்கர் கள்ளிக்காடு. தமிழ்நாட்டை ரெண்டு தடவை போட்டு மூடினாலும் கிட்டத்தட்டச் சரியா வரும். அங்க அர்ஜென்டினாவுல இருந்து ஒரு அந்துப்பூச்சியைக் கொண்டுவந்து விட்டாங்க. அதோட புழு மடலைக் குடைஞ்சு தின்னு தீத்துட்டு. நன்றிக்கு பூனார்காங்கிற ஊர்ல அந்தப் பூச்சி பேர்லயே ஒரு நினைவு மண்டபம் கட்டி வச்சிருக்காங்க, 1936ல.)

அந்த 1926 பூச்சி இன்னும் இங்கதான் இருக்கு. மடல்ல வெள்ளையா பஞ்சுப் பொட்டு ஒட்டியிருந்தா அதான். ஒரு குச்சியால அதை எடுத்து வெள்ளைக் காகிதத்துல வச்சு நசுக்குங்க. குங்குமத்தையும் மிஞ்சுற ஒரு சிவப்பு தீத்தும். கும்பினிக்காரன் கப்பல் கப்பலா தேடின சங்கதி, சாயம் கம்மியா இருந்தாலும், அதுதான். இன்னைக்கு மொராக்கோவுல இதே பூச்சிதான் வில்லன். அங்க கள்ளிப்பழம் பெரிய விவசாயம், 2014ல பூச்சி உள்ள நுழைஞ்சு தோட்டம் தோட்டமா காலி பண்ணிட்டு.

பழத்துக்கு வருவோம். பஜார்ல ஒரு கூடையில வச்சு வித்துக்கிட்டு இருந்தவர்கிட்ட ஒரு அம்மா கேட்டாங்க:

"காக்கா, இது சக்கரைக்குக் கேக்குமா?"

"நல்லாக் கேக்கும் லாத்தா."

"முட்டு வலிக்கு?"

"அதுக்கும்தான்."

"எம்மவன் படிக்கவே மாட்டேங்கான்."

"ரெண்டு பழம் குடுத்துப் பாருங்களேன்."

வாங்கிட்டுப் போனாங்க. அவரைக் குத்தம் சொல்ல முடியாது. கேட்டதுக்கு இல்லைன்னு சொன்னா யாவாரம் நடக்குமா?

பழத்தோட சிவப்பும் பூச்சியோட சிவப்பும் வேற வேற. பழத்துல இருக்கிறது பெட்டாலைன். பீட்ரூட், செந்தண்டுக்கீரை, காகிதப்பூ இதுகள்ல இருக்கிற அதே நிறமி வகை. சட்டையில பட்டா உம்மாகிட்ட அடி வாங்குற அளவுக்குக் கறை பிடிக்கும். ஆனா சூட்டுக்கும் வெயிலுக்கும் தாக்குப்பிடிக்காது, துணிச் சாயத்துக்கு உதவாது. நிறைய தின்னா மறுநாள் ஒண்ணுக்குச் சிவப்பா போகலாம், பயந்துடாதீங்க. சிவப்பா இருக்கிறதாலயே ரத்தம் ஊறும்னா, தர்பூசணிக்காரன்தான் ஊருக்கே ரத்த வங்கி.

நல்லது இல்லாம இல்ல. வைட்டமின் சி இருக்கு, நார் இருக்கு. சக்கரை விசயத்துல மெக்சிகோவுல சின்னச் சின்ன ஆய்வுகள் நடந்திருக்கு. சாப்பாட்டோட மடலைச் சேத்துச் சாப்பிட்டா சாப்பிட்டதும் ஏறுற சக்கரை கொஞ்சம் குறையுதுன்னு சொல்லுது. கவனிங்க, மடல். பழம் இல்ல. பழம் இனிப்பு. மாத்திரையை நிறுத்திட்டு இதைத் தின்னுங்கன்னு எந்த ஆய்வும் சொல்லல. இன்னொண்ணு, விதை கல்லு கணக்கா இருக்கும், எண்ணிக்கையும் ஏராளம். ருசிக்குதுன்னு ஒரே மூச்சுல பத்து பதினஞ்சு உள்ள தள்ளினா விதை குடல்ல சேந்து அடைச்சுக்கிடும். ஆஸ்பத்திரி வரைக்கும் போன கேஸ் மருத்துவப் பத்திரிகைகள்ல பதிவாகியிருக்கு.

பறிக்கிற பக்குவம் ஊர்ல ஆளுக்கு ஒண்ணு. கவைக்கம்பால திருகி விழ வைக்கிறது. மண்ணுல போட்டு வாரியலால உருட்டி உருட்டித் தேய்க்கிறது. கோணிச்சாக்குல போட்டுக் குலுக்குறது. (குலுக்கின பிறகு அந்தச் சாக்கை யாரு தொடுறதுங்கிற கேள்விக்கு பதில் கிடையாது.) இந்தப் பதிவுக்காரன் எல்லாத்தையும் பாத்துட்டு சொல்ற தீர்ப்பு: இடுக்கியில பிடிச்சு அடுப்புத் தணல்ல திருப்பித் திருப்பி வாட்டுறதுதான் சரி. சுணை படபடன்னு பொரிஞ்சு கருகிடும். அப்புறம் ரெண்டு முனையையும் சீவிட்டு, நீளவாக்குல ஒரு கீறல் போட்டு, தோலை உரிச்சு எடுத்துடணும். உள்ள நட்சத்திர முள்ளு இருக்கும், எடுக்காம முழுங்கினா தொண்டையில சிக்கும்னு பெரியவங்க மிரட்டுவாங்க. உச்சிக்குழியைச் சுத்தி சுணை ஜாஸ்திங்கிறது நிஜம், அதனால அந்தப் பக்கத்தைத் தாராளமாவே சீவிடலாம். வாயில மட்டும் சுணை ஏறக்கூடாது.

கையில ஏறிட்டா தேய்க்காதீங்க, வாயால கடிச்சு இழுக்காதீங்க. வெளிச்சத்துல கையை வச்சு, சின்ன இடுக்கியால தெரியுறதை எல்லாம் பிடுங்கணும். மிச்சத்துக்குப் பிள்ளைகளோட வெள்ளைப் பசையை மெல்லிசாப் பூசி, மேல துணியை ஒட்டி, காஞ்சதும் உரிங்க. செல்லோ டேப்பை விட இது நல்லாவே வேலை செய்யும்.

செவ்வாக்கிழமை ஆட்டுச்சந்தைக்கு வர்றவங்க கேக்கலாம், இதை ஆட்டுக்குப் போடலாமான்னு. முள்ளைத் தீயில பொசுக்கிட்டுப் போடுறது உலகம் பூரா உள்ள பழக்கம்தான். ஆனா மடல்ல பத்துல ஒன்பது பங்கு தண்ணி. அதை மட்டும் போட்டா கழியும். வைக்கோலோ காஞ்ச தட்டையோ கலந்துதான் குடுக்கணும். முள்ளில்லாத ரகங்க உள்ள ஒரு ஒபன்சியா இருக்கு, ஃபைகஸ் இண்டிகான்னு. மத்திய அரசோட ஆராய்ச்சி நிலையங்கள் ஜோத்பூர், ஜான்சியில எல்லாம் அதைத் தீவனத்துக்குன்னு வளத்துப் பாக்குறாங்க. ஒரே சாதிச் செடிக்கு ஒரு காலத்துல தோட்டம், ஒரு காலத்துல ஒழிப்பு, இப்போ மறுபடியும் தோட்டம். சர்க்காருக்கும் மறதி உண்டுல்லா.

கடைசியா ஒரு வேண்டுகோள். வேலி சரிபண்றவங்க, மனையைச் சுத்தம் பண்றவங்க, வெட்டின மடலை ஓடையிலயோ பக்கத்துக் காட்டுலயோ வீசாதீங்க. ஒவ்வொரு துண்டும் வேர் விடும். நல்லாக் காய வச்சு எரிங்க, இல்ல ஆழமாக் குழி தோண்டிப் புதைங்க. அந்த வீடியோ உங்க குரூப்புக்கும் வந்தா, ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னால வீட்டுல சக்கரை மாத்திரை போடுறவங்க யாரும் அதைப் பாத்துட்டு மாத்திரையை நிறுத்தியிருக்காங்களான்னு மட்டும் கேட்டுருங்க.